ஸ்பேனியலோடு பறவை வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், டகோட்டா பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்களில் சிலர், அக்டோபர் மாதம் அலுவலக நண்பர்களோடு ஒருமுறை ஃபெசன்ட் என்ற நீளவால் பறவையின் வேட்டைக்குப் போய்வந்ததும் கேட்கிற முதல் கேள்வி துப்பாக்கியைப் பற்றி இருக்காது. "அந்த நாய் எப்படிங்க அப்படி வேலை செய்யுது? நாமும் ஒன்று வாங்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சமாகவும், ஸ்பேனியல் என்ற அந்த வேட்டை நாயைப் பற்றி நிறையவும் இருக்கும். சுடுவது ஒரு சில நொடி வேலை. நாயைப் பார்த்துக்கொள்வது வருஷம் முழுக்க இருக்கிற வேலை.

ஸ்பேனியல் என்ன செய்யும்? பாயின்டர், லேப்ரடார் எல்லாம் செய்வதையேதானா?

பாயின்டர், செட்டர் வகை நாய்கள் தூரமாக ஓடித் தேடும். பறவையின் வாசனை கிடைத்ததும் அசையாமல் நின்று இடத்தைக் காட்டும். நீங்கள் நடந்துபோய் பறவையை எழுப்ப வேண்டும். ஸ்பேனியல் நிற்காது. உங்களுக்கு முன்னால் இடமும் வலமுமாக, உழவு சால் போடுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, புதருக்குள் பாய்ந்து பறவையைத் தானே கிளப்பிவிடும். அதனால் அது எப்போதும் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே, அதாவது உங்களிடமிருந்து 20, 25 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். 60 மீட்டரில் பறவையைக் கிளப்புகிற ஸ்பேனியல் எவ்வளவு மோப்பம் உள்ளதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பறவை விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்து, பல் படாமல் உங்கள் கையில் கொண்டுவந்து கொடுப்பதும் அதன் வேலைதான்.

லேப்ரடாரையும் இப்படிப் பழக்கலாம், பலர் பழக்குகிறார்கள். ஆனால் முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கிற இடத்தில், தாழ்வாக நுழைந்து வெளியே வருகிற வேகம் ஸ்பேனியலுக்கே உரியது.

எந்த இனம் வாங்கலாம்?

ஃபெசன்ட் முக்கியம் என்றால் இங்கிலிஷ் ஸ்பிரிங்கர். அடர்ந்த காட்டில் குரௌஸ், வுட்காக் பறவைகளைத் தேடுவதென்றால், அல்லது வீடு சிறியது என்றால் இங்கிலிஷ் காக்கர். தென் கரோலினாவில் உருவான பாய்கின் ஸ்பேனியலும், விஸ்கான்சினின் மாநில நாயான அமெரிக்கன் வாட்டர் ஸ்பேனியலும் நல்ல வேலைக்காரர்கள். குட்டி கிடைப்பதுதான் கஷ்டம். பிரிட்டனி என்ற இனத்தைப் பழைய ஆட்கள் இன்னும் பிரிட்டனி ஸ்பேனியல் என்பார்கள். அது நின்று காட்டுகிற நாய். அமெரிக்கன் கென்னல் கிளப் 1982இல் அதன் பெயரிலிருந்து ஸ்பேனியல் என்பதை எடுத்தேவிட்டது.

இனத்தைவிட முக்கியமானது வம்சம். ஸ்பிரிங்கரிலும் காக்கரிலும் கண்காட்சிக்கு வளர்க்கும் வம்சம் வேறு, வேலைக்கு வளர்க்கும் வம்சம் வேறு. பல தலைமுறையாகப் பிரிந்துபோனவை அவை. கண்காட்சி நாய்க்கு உடம்பு கனமாகவும், காது நீளமாகவும், முடி தரையைத் தொடுகிற மாதிரியும் இருக்கும். வேலை நாய்க்கு முடி குறைவு, உடல் இறுக்கம், கண்ணில் எப்போதும் ஒரு பரபரப்பு. வேட்டைக்கென்று வாங்குகிறவர் தாயும் தகப்பனும் வயலில் வேலை செய்வதை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஊரில் சிப்பிப்பாறை, கன்னி இருக்கிறதே. அவற்றை இதற்குப் பழக்க முடியாதா?

முடியாது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற நாய்கள். திறந்தவெளியில் முயல் ஓடினால் அவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் மோப்பம் பிடித்துக்கொண்டே, ஆளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, 20 மீட்டருக்குள் வேலை செய்வது அவற்றின் ரத்தத்தில் இல்லை. அது அவற்றின் குறையும் இல்லை.

குட்டி வாங்கும்போது என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

பெற்றோருக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை மூன்றும் ஆகியிருக்க வேண்டும். நாய்களின் மூட்டைத் தரம் பார்க்கும் ஓஎஃப்ஏ அமைப்பு, இடுப்புக்கான இறுதிச் சான்றை 24 மாதம் முடிந்த பிறகுதான் தருவார்கள். ஆகவே பெற்றோர் அதற்கு முன்பே குட்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்பிரிங்கரில் பிஎஃப்கே குறைபாடு என்று ஒன்று உண்டு. தசைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க உதவும் நொதி ஒன்று குறைந்துபோகும் நோய் அது. வீட்டில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் கடுமையாக ஓடினாலோ, ரொம்ப நேரம் இரைத்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், நாய் தள்ளாடும். வேட்டை நாய்க்கு இதைவிடப் பொருந்தாத நோய் இல்லை. ஒரு டிஎன்ஏ பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் என்பதால், அதைச் செய்யாத வளர்ப்பாளரிடம் வாங்காதீர்கள். காக்கரில் இதே மாதிரி கேட்க வேண்டியது பரம்பரைச் சிறுநீரக நோய்க்கான பரிசோதனை. இரண்டு இனத்துக்கும் பொதுவாக, பார்வை படிப்படியாகப் போகிற பிஆர்ஏ என்ற கண் நோய்க்கான பரிசோதனை.

எந்தப் பறவைகள்? எங்கே இருக்கும்?

ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவையே இல்லை. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பிவைத்த சீனப் பறவைகள் வில்லமெட் பள்ளத்தாக்கில் பெருகின. பிறகு மற்ற மாநிலங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். தெற்கு டகோட்டாவில் முதல் வேட்டை நாள் 1919இல், ஸ்பிங்க் கவுன்ட்டியில். 1943இல் அதுவே அந்த மாநிலத்தின் பறவை ஆகிவிட்டது. இன்றும் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் போகிறார்கள்.

ஃபெசன்ட்டுக்கு வேண்டியது மூன்று: முட்டையிட உயரமான புல், தின்ன மக்காச்சோளமோ சோயாவோ, பனிக்காலத்தில் ஒதுங்கச் சம்பங்கோரை மண்டிய சதுப்பு. இந்த மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற இடத்தை வரைபடத்தில் தேடிப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. 1985ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் வந்த சிஆர்பி திட்டத்தின் கீழ், அரசு விவசாயிக்குப் பணம் கொடுத்து மண் அரிக்கும் நிலங்களைப் பத்துப் பதினைந்து ஆண்டு புல்லாகவே விடச் சொல்கிறது. அந்தப் புல்வெளி கூடினால் ஃபெசன்ட் கூடும், உழுதுவிட்டால் குறையும். செயின்ட் பாலில் 1982இல் தொடங்கிய 'ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர்' அமைப்பு இந்த வாழிடத்துக்காகத்தான் உழைக்கிறது.

ரஃப்டு குரௌஸ் வடக்குக் காட்டுப் பறவை. இளம் ஆஸ்பென் மரங்கள் ஆள் நுழைய முடியாத அளவு நெருக்கமாக வளர்ந்திருக்கிற இடத்தில் இருக்கும். பெரிய மரங்கள் நிற்கிற அழகான காட்டில் தேடினால் கிடைக்காது. வெட்டிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகித் தழைத்த காட்டைத் தேடுங்கள். அதன் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்கும். கிளம்பும்போது இடி மாதிரி ஒரு படபடப்பு, அடுத்த நொடி மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

வுட்காக் நீள மூக்குள்ள, மண்புழு தின்கிற வலசைப் பறவை. கண்கள் தலையின் பின்பக்கமாகத் தள்ளி இருப்பதால், மூக்கை மண்ணுக்குள் விட்டபடியே பின்னால் வருவதையும் பார்க்கும். அக்டோபர் நடுவில், குளிர் இறுகுகிற இரவுகளில் கூட்டமாகத் தெற்கே லூசியானா பக்கம் இறங்கும். காக்கர் என்ற பெயரே இந்தப் பறவையிடமிருந்து வந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு வருஷமும் அந்தந்த மாநிலத்தின் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். லைசென்ஸோடு ஃபெசன்ட் ஸ்டாம்ப் என்ற தனி அனுமதியும் வாங்க வேண்டும். ஃபெசன்ட்டில் சேவலை மட்டும்தான் சுடலாம். பெட்டையைச் சுடக் கூடாது. மினசோட்டாவில் ஒரு நாளைக்கு இரண்டு சேவல், டிசம்பரில் மூன்று. தெற்கு டகோட்டாவில் மூன்று. சுட்டதைக் காரில் கொண்டுபோகும்போது சேவல் என்று அடையாளம் தெரிய, மாநில விதிப்படி தலையோ, காலோ, சிறகோ வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். ஃபெடரல் அரசின் நீர்ப்பறவை உற்பத்தி நிலங்களில் ஈயக் குண்டு கூடாது, எஃகு போன்ற நச்சில்லாத குண்டு மட்டும். இடுப்புக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு துணி. சட்டம் ஒரு துணி போதும் என்றாலும் தொப்பி, மேல்சட்டை இரண்டும் போடுங்கள். நாய்க்கும் ஒரு ஆரஞ்சு பட்டை கட்டுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்ப்பதும் இதில் அடங்கும் என்பதால், லைசென்ஸ் வாங்காமல் கை வைக்காதீர்கள். மாநில விதிகள் கூடுதலாக இருக்கலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. துப்பாக்கி இல்லாமல் நாயை நடத்திக்கொண்டு கூடவே போகலாம். அப்படிப் போய் நாயைக் கையாளக் கற்றுக்கொண்டவர்கள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள்.

என்ன துப்பாக்கி, என்ன குண்டு?

20 கேஜ் அல்லது 12 கேஜ் (குழாயின் அகல அளவு), திறந்த சோக் (குழாய் முனையின் குறுக்கம்). ஸ்பேனியல் கிட்டத்திலேயே கிளப்பும் என்பதால் லேசாக மட்டும் குறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் போதும். ஃபெசன்ட்டுக்கு 5 அல்லது 6ஆம் எண் ஈயக் குண்டு, எஃகு என்றால் அதைவிட இரண்டு அளவு பெரிய குண்டு, அதாவது 3 அல்லது 4ஆம் எண் (எண் குறைந்தால் குண்டு பெரிது). குரௌஸ், வுட்காக் போன்ற காட்டுப் பறவைக்கு ஏழரை எண் ஈயக் குண்டு. தோளுக்குச் சரியாகப் பொருந்துவதைத் தவிர வேறு எதற்கும் அதிகப் பணம் செலவழிக்காதீர்கள். நாய்க்குச் செலவழியுங்கள்.

பயிற்சியை எப்போது, எங்கிருந்து தொடங்குவது?

எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே, வீட்டு நடைபாதையில். இருபக்கக் கதவையும் சாத்திவிட்டு, ஒரு சுருட்டிய காலுறையைத் தூக்கிப் போடுங்கள். குட்டி எடுத்துக்கொண்டு ஓட வேறு வழியில்லாததால் உங்களிடமே வரும். வந்ததும் பிடுங்காதீர்கள். மார்பையும் தாடையின் கீழேயும் தடவிக் கொடுங்கள், அது வாயில் பிடித்திருப்பதே பெருமை என்று நினைக்கட்டும். பிறகு மெதுவாக வாங்குங்கள். இரண்டு மூன்று தடவை போதும். இன்னும் வேண்டும் என்று அது துள்ளும்போதே நிறுத்த வேண்டும். கயிறு இழுக்கிற விளையாட்டு கூடவே கூடாது. வாயை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் வந்தால், பிறகு பறவை நசுங்கித்தான் கைக்கு வரும்.

அடுத்தது விசில். ஸ்பேனியல்காரர்கள் பெரும்பாலும் ஆக்மி 210½ வைத்திருப்பார்கள். ஒரு நீண்ட ஊதல் என்றால் உட்கார். இரண்டு குட்டி ஊதல் என்றால் திரும்பு. தொடர்ந்து பல குட்டி ஊதல் என்றால் என்னிடம் வா. உட்காரச் சொல்லும் சொல் 'ஹப்'. சாப்பாட்டுத் தட்டை வைக்கும் முன் ஹப், கதவைத் திறக்கும் முன் ஹப், காரிலிருந்து இறங்கும் முன் ஹப். ஆறு மாதத்தில் அது யோசிக்காமல் உட்காரும்.

இந்த உட்காருதல்தான் பிறகு எல்லாவற்றையும் தாங்குகிறது. பறவை எழுந்ததும், துப்பாக்கி வெடித்ததும் நாய் அங்கேயே உட்கார வேண்டும். தாழப் பறக்கிற பறவையைத் துரத்தித் துள்ளுகிற நாய் குண்டுக்குக் குறுக்கே வரும். வேட்டையில் நாய்கள் சுடப்படுவது பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே நிலை குலையாமல் உட்காருவது போட்டி மைதானத்து அலங்காரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாயின் உயிர் அதில் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை எட்டு மாதத்துக்கு முன் அவசரப்பட்டுத் திணிக்கவும் வேண்டாம். முதலில் பறவை மேல் ஆசை வளரட்டும்.

மின்கழுத்துப்பட்டை பற்றிக் கேட்பார்கள். அனுபவசாலிகள் கையில் அது ஒரு கருவி. முதல் நாய் வளர்க்கிறவர் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பேனியல் மனசு மெல்லியது, ஒருமுறை பறவைக்குப் பக்கத்தில் வலி பட்டால் பறவையையே ஒதுக்கிவிடும்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு எப்படிப் பழக்குவது? சுடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் பழகிவிடாதா?

பழகாது, பயந்துவிடும். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்த நாயைத் திருப்புவது மிகக் கடினம், பல நாய்கள் திரும்புவதே இல்லை. ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கைக்குக் குட்டியைக் கூட்டிப்போவதும் இதே தவறுதான். சரியான முறை இது: குட்டி சிறகு வெட்டிய புறாவைத் துரத்துகிற மும்முரத்தில் இருக்கும்போது, 100 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் சிறிய வெற்றுத் தோட்டா வெடிக்கட்டும். குட்டி காதையே அசைக்கவில்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட. தயங்கினால் மறுபடி தூரம். வாரக்கணக்கில் ஆகட்டும். கடைசியில் அந்தச் சத்தம் கேட்டாலே பறவை வரப்போகிறது என்று அது வாலாட்ட வேண்டும்.

வயலில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காற்று முகத்தில் படுகிற பக்கமாக நடங்கள். வாசனை நாய்க்கு எதிரே வந்து சேரும், அது இடம் வலமாகச் சீராக அறுத்துக்கொண்டு போகும். காற்று முதுகில் இருந்தால் நாய் முதலில் நேரே தூரமாகப் போய், உங்களை நோக்கித் திரும்பித் தேடிவரும். அது தப்பு செய்கிறது என்று கத்தாதீர்கள். அதற்குத் தெரியும்.

சம்பங்கோரைக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது. கோரையின் நுனிகள் ஆடுவது மட்டும் தெரியும். கட்டையான வால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கவனியுங்கள். சும்மா தேடும்போது அது அகலமாக ஆடும். வாசனை பட்டதும் வேகம் இரண்டு மடங்காகி, வீச்சு சுருங்கி, பின்பாதி உடம்பே அதிரும். மூச்சை உள்ளிழுக்கிற 'ஃபுஃப் ஃபுஃப்' சத்தம் கேட்கும். பிறகு ஒரு நொடி தலை தூக்கும், ஒரே பாய்ச்சல். 'கக்-கக்-கக்' என்று கத்திக்கொண்டே செம்பும் பச்சையும் மின்ன, நீளவாலோடு சேவல் செங்குத்தாக மேலே ஏறும். வெள்ளைக் கழுத்து வளையம் தெரிந்தால்தான் துப்பாக்கி தோளுக்குப் போக வேண்டும். நிறம் சரியாகத் தெரியவில்லை என்றால், பின்னணியில் வானம் இல்லாமல் தாழப் பறந்தால், விட்டுவிடுங்கள்.

விழுந்த சேவல் பல சமயம் சாகாமல் சிறகொடிந்து ஓடும், ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். விழுந்த இடத்தில் நீங்கள் நின்று தேடினால் இரண்டு இறகு மட்டும்தான் கிடைக்கும். நாய் மூக்கைத் தரையில் வைத்துக் கோடு பிடித்தாற்போல் கோரை, வாய்க்கால், சோளத்தட்டை என்று தாண்டிப் போய், சில நிமிஷம் கழித்து உயிரோடு வாயில் ஏந்தி வரும். அடிபட்ட பறவையைப் புதரில் கிடந்து சாக விடாமல் இருப்பதற்காகவே நாய் வேண்டும். நாயில்லாமல் ஃபெசன்ட் சுடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வெயில் நாளில் எவ்வளவு நேரம் ஓடவிடலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். வேட்டை நாய் குளிரில் சாவது அபூர்வம். சீசன் தொடங்குகிற முதல் வாரத்து வெயிலில்தான் சாகிறது. தெற்கு டகோட்டாவில் 2003 அக்டோபரில் சீசன் தொடங்கிய வார இறுதியில் வழக்கத்துக்கு மீறி வெயில் அடித்தது. பல நாய்கள் அந்த இரண்டு நாளில் செத்துப்போயின. கோடை முழுக்க வீட்டில் கிடந்த நாய், உயரமான புல்லுக்குள் காற்றே இல்லாத இடத்தில், ஆசை மிகுதியில் தானாக நிற்காமல் ஓடும். நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஓடும்போது ஏறும், இறங்கும். 41ஐத் தாண்டிவிட்டால் உறுப்புகள் கெடத் தொடங்கும். அறிகுறி இதுதான்: நாக்கு நீண்டு, நுனி கரண்டிபோல் அகன்று, நிறம் கருஞ்சிவப்பாகும். எச்சில் கெட்டியாக நூல் விடும். கூப்பிட்டால் திரும்பாது, பின்னங்கால் தள்ளாடும். அப்போதே வேட்டையை நிறுத்துங்கள். நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய், கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க, அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் நனைய ஊற்றி, காற்று படச் செய்யுங்கள். பக்கத்தில் குளமிருந்தால் தலையை மேலே பிடித்தபடி உடம்பை இறக்குங்கள். குளிர்ந்த தண்ணீர் ஆபத்து என்ற பழைய பேச்சை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். வெப்பம் 39.5க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்தலாம். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டிருப்பது மறுநாள்தான் தெரியவரும்.

20 டிகிரிக்கு மேல் போகும் நாளில் நான் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, இரைப்பு அடங்கும்வரை உட்காருவேன். பை கனத்தாலும் நாய்க்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். தேங்கிய குட்டையில் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல் பாசி மிதந்தால் அங்கே குடிக்கவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு மணிக்கணக்கில் கொன்றுவிடும்.

சாப்பாடு?

சீசனில் 30 சதவீதம் புரதம், 20 சதவீதம் கொழுப்புள்ள தீனி. நாயின் சகிப்புத்திறனுக்குக் கொழுப்புதான் எரிபொருள். முழுச் சாப்பாட்டை முந்தின நாள் மாலையிலேயே கொடுத்துவிடுங்கள். காலையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு ஊதித் திருகிக்கொள்ளும் அபாயம் உண்டு. நடுப்பகலில் ஒரு கைப்பிடி போதும். வீட்டில் மிஞ்சுகிற குழம்பு சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் ஆகாது, பாயசத்தில் போடுகிற உலர் திராட்சையும் அதில் சேர்த்தி. வலிக்கிறதென்று மனிதர்களின் இபுபுரூஃபன், பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது.

காது ஏன் அடிக்கடி நாறுகிறது?

தொங்குகிற காது உள்ளே காற்றை விடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகும். இங்கே சதுப்பில் நீந்திவிட்டு வரும் நாய்க்கு வருகிற இதே தொல்லை, சென்னைப் புழுக்கத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்கிற காக்கருக்கும் வரும்.

வாரம் ஒருமுறை காது மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். ஆரோக்கியமான காதுக்கு வாசனையே இருக்காது. புளித்த மாவு வாசனை, பழுப்பு மெழுகு, தலையை உதறுதல், காதைத் தரையில் தேய்த்தல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எது வளர்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். மீந்துபோன பழைய சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் கேட்கும் திறனே போய்விடும். நாய்க் காதுக்கென்று விற்கிற திரவத்தை நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை விரலால் பிசைந்துவிட்டு, நாயை உதறவிட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். காதின் உள்பக்கத்து முடியையும், காதுத் துளைக்குக் கீழே கழுத்தில் இருக்கும் முடியையும் ஒட்டக் கத்தரித்தால் காற்றோட்டம் கிடைக்கும்.

கடுமையாக உதறிக்கொண்டே இருந்தால் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து தலையணைபோல் வீங்கும். அதற்கு முன்பே கவனியுங்கள்.

புல்லில் என்ன பயம்?

புல்லின் கூரான விதைதான் பயம். ஃபாக்ஸ்டெயில், கனடா வைல்டு ரை போன்ற புற்களின் விதையில் பின்னோக்கிய நுண்முட்கள் இருக்கும். ஊரில் வேட்டியில் ஏறுகிற ஒட்டுப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் வராது. அது நாயின் கால்விரல் இடுக்கில் நுழைந்தால் தோலுக்கடியில் பயணம் செய்யும். காதில் நுழைந்தால் செவிப்பறைவரை. வாயைத் திறந்து ஓடும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போய், கிருமியையும் கூட்டிக்கொண்டு, நெஞ்சுக்குள் சீழ் வைத்துவிடும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், இருமல், இளைப்பு, முதுகுப்பக்கம் ஒரு கட்டி. எக்ஸ்ரேயில் புல் தெரியாது. ஸ்கேன் எடுத்துத்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவரிடம், இது வேட்டை நாய், புல்லில் ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு வேட்டை முடிந்ததும், காரில் ஏற்றும் முன், பின்கதவில் நிறுத்திக் கைவிளக்கோடு பார்க்க வேண்டியவை: விரல் இடுக்குகள், அக்குள், இரண்டு காது, கண் இமையின் உள்பக்கம், ஈறு, பிறப்புறுப்பு. நிற்காமல் தும்மினால் மூக்கில் போயிருக்கிறது, அன்றே மருத்துவர். சீசனுக்கு முன் கால் முடி, வயிற்று முடி, காது நுனியைக் குறைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஒட்டுமுள் உருண்டைகளைக் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி விரலால் பிரித்தால் சுலபமாகக் கழன்று வரும்.

உண்ணிக்கு என்ன செய்வது? குளிர் வந்தால் போய்விடுமே?

போகாது. லைம் நோயைப் பரப்புகிற கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில்தான் மும்முரமாக இருக்கும். தரை உறைந்து பனி மூடும்வரை உண்ணித் தடுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் கடித்துத் தொங்கினால்தான் லைம் கிருமி ஏறும் என்பதால், அன்றன்றே தேடிப் பிடுங்குவதற்குப் பலன் உண்டு. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம். எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். மினசோட்டா, விஸ்கான்சின் ஈரமண்ணில் பிளாஸ்டோமைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயும் உண்டு. நீடித்த இருமல், இளைப்பு, கண் சிவப்பு என்றால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

முதலுதவிப் பையில் என்ன இருக்க வேண்டும்?

கண் கழுவ உப்புநீர் புட்டி, இடுக்கி, காயக்கட்டுத் துணி, தன்னோடு தானே ஒட்டும் கட்டு, வெப்பமானி, முனை வளைந்த கத்தரிக்கோல், கம்பி வெட்டும் குறடு. அதோடு மூன்று கவுன்ட்டி தூரத்துக்குள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை முதல் நாளே போனில் ஏற்றிவையுங்கள்.

அதிகம் நடப்பது முள்கம்பி கிழிப்பு. மார்பும் தொடையும் கிழியும், நாய் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கழுவி, கட்டி, தையலுக்குக் கொண்டுபோங்கள்.

முள்ளம்பன்றி முள் தைத்தால் முனையை வெட்டாதீர்கள். இரண்டு மூன்று என்றால் குறடால் நேராக இழுக்கலாம். முகம் நிறைய என்றால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும்.

ஸ்கங்க் என்ற விலங்கு நாற்றத் திரவத்தைப் பீய்ச்சிவிட்டால் தக்காளிச் சாறு உதவாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். அப்போதே கலந்து, கண்ணில் படாமல் ஐந்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைப் புட்டியில் மூடி வைத்தால் வெடிக்கும்.

குளிர்ந்த தண்ணீரில் நீந்திய மறுநாள் வால் நனைந்த கயிறாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். தசைப்பிடிப்புதான், சில நாள் ஓய்வில் சரியாகும்.

சுட்ட பறவையை எப்படிச் சமைப்பது?

குடலைச் சீக்கிரம் எடுத்துக் குளிர வைத்தால் கறி நன்றாக இருக்கும். தீனிப்பையைத் திறந்து பாருங்கள், அது அன்று எதைத் தின்றது என்பதை வைத்து மத்தியானம் எங்கே நடக்கலாம் என்று முடிவு செய்யலாம். ஃபெசன்ட் நெஞ்சுக்கறியில் கொழுப்பே இல்லை. நாட்டுக்கோழி மாதிரி நேரம் விட்டால் கட்டையாகிவிடும். நெஞ்சைத் துண்டு போட்டு மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு பெரிய தீயில் சட்டென்று வறுத்து எடுங்கள். கால் முழுக்க நரம்பு. அதைச் சின்ன வெங்காயக் குழம்பில் இரண்டு மணி நேரம் மெல்ல வேகவிடுங்கள். வாயில் வைக்கும் முன் குண்டு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பச்சை எலும்போ வெந்த எலும்போ, நாய்க்குப் போட வேண்டாம்.

பாவம் இல்லையா?

ஊரிலிருந்து அம்மாவும் அத்தையும் கேட்கிற கேள்வி. உயிரைக் கொல்வதுதான், வேறு பெயர் சொல்லி மறைக்க நான் விரும்பவில்லை. வேண்டாம் என்று இருப்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. கறி தின்கிற நான், அந்தக் கறி எப்படிச் செத்தது, எங்கே வளர்ந்தது என்பதற்கு நேரில் பொறுப்பேற்கிறேன். சுடுகிற தூரம் சந்தேகமாக இருந்தால் சுடாமல் விடுகிறேன். விழுந்ததை எடுக்காமல் நகர்வதில்லை. 1937ஆம் ஆண்டு பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, இங்கே வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற 11 சதவீத வரி காட்டுயிர்களுக்கும் அவற்றின் நிலத்துக்குமே போகிறது. நான் நடக்கிற பொதுப் புல்வெளிகளில் பலவும் அந்தப் பணத்தையும் லைசென்ஸ் பணத்தையும் கொண்டு வாங்கிப் பராமரிப்பவைதான். அங்கே வானம்பாடியும் தேனீயும் வாழ்கின்றன.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கௌதாரி, காடை, காட்டுக்கோழி எல்லாம் அதன் பாதுகாப்பில் உள்ளவை. ஆனால் ஊரில் காக்கர் வளர்க்கிறவர்கள் அதன் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். பழைய டென்னிஸ் பந்தை வீட்டுத் தோட்டத்தில், மொட்டை மாடிச் செடிகளுக்கிடையே ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். விசிலுக்கு உட்கார, கையில் கொண்டுவந்து கொடுக்கப் பழக்குங்கள். தினமும் பத்து நிமிஷம் மூக்கு வேலை செய்த காக்கர், சோபாவைக் கடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

நாய்க்கு வயதானால்?

பத்து வயதுக்குப் பிறகு பல ஸ்பேனியல்கள் அரை நாள் வேட்டைக்குத் தாங்கும், மறுநாள் நொண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். காலையில் குளிர்ந்த வேளையில் புல் குறைவான ஒரு ஓரத்தில் அரை மணி நேரம் அதற்கு. மற்றதெல்லாம் இளம் நாய்க்கு. எடையை ஏறவிடாதீர்கள், விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மூட்டுவலிக்கு மருத்துவர் தரும் மருந்தைச் சீசனில் மட்டும் கொடுத்து நிறுத்தாமல், அவர் சொன்னபடி தொடருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காது மந்தமாகும் என்பதால், இளமையிலேயே விசிலோடு கை சைகையையும் சேர்த்துப் பழக்குங்கள்: கை உயர்த்தினால் உட்கார், கையை விரித்தால் அந்தப் பக்கம் போ, இரு கையையும் தொடையருகே தாழ்த்தினால் வா.